கணக்குப்பிள்ளை

2016 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு சிரியக் குடும்பத்தைச் சில வாரங்கள் பயத்திலேயே வைத்திருந்தேன். ஊர் மாறியதற்காகக் கனடாவிலிருந்து அவர்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, "எனக்கே அது சரியாகத் தெரியாது" என்றேன். அந்தப் பதிலை எங்கள் குழுவில் எல்லாரும் நம்பினார்கள், இன்றைக்கும் நம்புகிறார்கள். "பாவம், அண்ணைக்குச் சட்டம் விளங்கேல்லை" என்று என் காதுபடப் பேசியிருக்கிறார்கள். நானும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன்.

ஸ்பொன்சர் என்றால் எங்கள் ஆட்களுக்கு அம்மா அப்பாவை ஊரிலிருந்து கூப்பிடுவதுதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு. முன்பின் தெரியாத ஓர் அகதிக் குடும்பத்தை அயலவர்கள் சிலர் சேர்ந்து பொறுப்பெடுக்கலாம். 1976 இல் நிறைவேறி 1978 இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் அதற்கு வழிவிட்டது. அடுத்த ஆண்டே வியட்நாம், கம்போடியா, லாவோஸ் என்று ஆட்கள் பெருந்தொகையாக வரத் தொடங்கினார்கள். 1979, 1980 இரண்டு வருடத்திலும் வந்த 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தேவாலயங்களும் நண்பர் கூட்டங்களும்தான் ஏற்றார்கள். அதைப் பார்த்து 1986 இல் ஐ.நா. தன்னுடைய நான்சன் விருதைக் கனடிய மக்கள் எல்லாருக்குமாகக் கொடுத்தது. அதே வருடம் ஓகஸ்ட் மாதம் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்கள் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து; வாயால் சொன்னது இந்தியா என்று. அந்தப் பொய்க்காகப் பத்திரிகைகள் அவர்களை உரித்து எடுத்தன. பயந்தவன் ஏன் பொய் சொல்கிறான் என்று அப்போது எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

நான் வந்தது 1987 இல், அமெரிக்கா வழியாக. அந்த வருடம் பெப்ரவரி 20 ஆம் திகதி கனடா எல்லை விதியை இறுக்கிவிட்டது. எல்லையில் வந்து கோரிக்கை வைத்தவர்களைத் திகதி கொடுத்து அமெரிக்கப் பக்கத்திலேயே காத்திருக்கச் சொன்னார்கள். பஃபலோவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் காத்திருந்து, பாலத்தைக் கடந்து, ரொறன்ரோவில் சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக்கட்டடம் ஒன்றில் ஏழெட்டுப் பேரோடு ஒண்டிக்கொண்டேன். பகலில் வகுப்பு, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவுதல். சிங் வழக்கில் 1985 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் புண்ணியத்தால் ஒவ்வொரு கோரிக்கையாளருக்கும் நேரில் விசாரணை உண்டு. ஆனால் வழக்குகள் மலையாகக் குவிந்துகிடந்ததால் என் முறை வர வருடங்கள் ஆயின. வாசலில் தபால்காரன் நின்றால் வயிற்றைக் கலக்கும். 'பேப்பர்' இல்லாத ஒருவனுடைய வயிறு எப்படி இருக்கும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2015 செப்டெம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிய குழந்தை அலன் குர்தியின் படம் வந்தது. அவனுடைய அத்தை கனடாவில் இருப்பவர். குடும்பத்தை இங்கே எடுப்பிக்க முயன்றவர். நாடே கலங்கியது. ஒக்ரோபர் தேர்தலில் வென்ற லிபரல் கட்சி 25,000 சிரியர்களை எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தது. டிசெம்பர் 10 ஆம் திகதி இரவு முதல் விமானம் பியர்சனில் இறங்கியபோது பிரதமர் ட்ரூடோ குளிர்க்கோட்டுகளோடு போய் நின்றார். 2016 பெப்ரவரி முடியமுதல் 25,000 பேரும் வந்துசேர்ந்தார்கள்.

ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தை ஒட்டி எங்கள் குழுவும் கூடியது. பாதி வெள்ளைக்காரர், பாதி தமிழர். நான் சைவக்காரன், ஆனால் ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவன், இங்கேயும் ஒரு களஞ்சியத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பொருளாளர் பதவி தானாகவே என்னிடம் வந்தது. இன்னொரு வேலையையும் நானாக எடுத்துக்கொண்டேன்: பேச்சு. கொத்துரொட்டி விற்றுப் பணம் சேர்த்த நாட்களில் ஒலிவாங்கியைப் பிடித்து, அன்று அகதியாக வந்தவன் இன்று அகதியை ஏற்கிறேன் என்று சொல்வேன். சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு காசு போடும். ஒரு வட்டாரப் பத்திரிகையில் என் படமும் வந்தது. மனைவி அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்.

குடும்பம் பெப்ரவரியில் வந்தது. தகப்பன் ஹோம்ஸ் நகரத்தில் தரைக்கு மாபிள் பதித்தவர். பிறகு சில வருடம் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில். மனைவி, பதின்மூன்று வயது மகள், இரண்டு பொடியன்கள். லோரன்ஸ் கிழக்கில், அரபுக் கடைகள் இருக்கிற பக்கமாக, ஓர் அப்பார்ட்மென்ற் பிடித்தோம். சமூகக் காப்புறுதி எண், சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு அரசின் இலவச ஆங்கில வகுப்புக்கான பரீட்சை என்று முதல் மாதம் ஓடியது. அந்த மாதம் நான் நல்ல மனிதனாகத்தான் இருந்தேன். பனியில் கார் ஓட்டிக்கொண்டு போய் அவர்களை ஒவ்வொரு கந்தோர் வாசலிலும் இறக்கினேன்.

அவர்கள் வந்த திட்டத்தில் ஆறு மாதத்துக்கான மாதாந்தப் பணம் அரசினுடையது. ஆரம்பச் செலவும் மிச்ச மாதங்களும் குழுவின் பொறுப்பு. குழுக்களுக்கு நடத்திய பயிற்சியில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: காசு குடும்பத்தின் காசு, அவர்கள் பெயரில் கணக்கு, செலவு அவர்கள் முடிவு, நீங்கள் வரவு செலவு பழக்கலாம், பிடித்துவைக்கக் கூடாது. குறிப்புப் புத்தகத்தில் இதற்குக் கீழே கோடுகூடப் போட்டுவைத்தேன்.

ஆனால் வங்கி அட்டை என் சட்டைப்பையில்தான் இருந்தது. பறித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. "தொலைஞ்சுபோகும், நான் வைச்சிருக்கட்டே?" என்று கேட்டேன், மகள் அரபியில் சொன்னாள், தகப்பன் தலையாட்டினார். வேறென்ன செய்வார்? மாத முடிவில் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு மண்ணிறக் கடித உறையில் போட்டுத் தரும்படி சொன்னேன். அவர் ஒரு சீட்டையும் தவறவிடவில்லை. சூயிங்கம் வாங்கின சீட்டுக்கூட இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கொப்பியில் ஏற்றுவேன். கூட்டுறவுச் சங்கத்தை விட்டு வந்தபிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் கணக்கெழுதியதில்லை.

ஜூன் மாத உறைக்குள் பணம் அனுப்பும் கடையின் சீட்டு ஒன்று இருந்தது. 150 டொலர், லெபனானுக்கு. அவருடைய தாய் அங்கே கூடாரத்தில் இருந்தார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை, மற்றச் சீட்டுகளோடு மடித்து வைத்திருந்தார். நான் அன்று பின்னேரமே போய்ச் சத்தம் போட்டேன். இது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சனம் தந்த காசு, லெபனானுக்கு அனுப்பவா கொத்துரொட்டி போட்டோம் என்று. மகள் எல்லாவற்றையும் சொன்னாளா, குறைத்துச் சொன்னாளா, தெரியாது. தாய் அடுப்படியில் நின்றபடி கைகளை உடுப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் எப்போதோ காய்ந்திருக்கும்.

1988 இல் நான் வெல்பெயர் காசில் மிச்சம் பிடித்து உண்டியலில் அனுப்பியவன். சென்ற் ஜேம்ஸ் ரவுனில் ஒருவர் காசை வாங்கிக் கொப்பியில் பெயரெழுதுவார். சில நாளில் கரவெட்டியில் ஓர் ஆள் சைக்கிளில் போய் அம்மாவின் கையில் ரூபாயைக் கொடுப்பார். அந்தக் காசு வரி கட்டுகிற கனடாக்காரன் எனக்குச் சாப்பிடத் தந்தது. அதில் ஒரு சதமும் எனக்குக் குற்றமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. அந்த வீட்டு வாசலில் கத்திக்கொண்டு நின்றபோது இது நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. வந்தும் கத்தினேன். எனக்கு நடந்தது வேறு, இது வேறு என்று அந்த நேரத்தில் மனம் ஒரு நியாயத்தைக் கொண்டுவந்து வைத்தது. என்ன நியாயம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஓகஸ்டில் மனைவியின் தங்கை குடும்பம் வின்ட்சர் நகரத்துக்கு வந்துசேர்ந்தது. ரொறன்ரோவிலிருந்து நாலு மணி நேர ஓட்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ரொயிட். அரபுச் சனம் நிறைய. வாடகை இங்கேயைவிடக் குறைவு. அங்கே மாபிள் வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் தகப்பனுக்கு வேலை தரத் தயாராக இருந்தார். தன் கைத்தொழில், தன் பாஷை பேசும் முதலாளி, மனைவிக்குத் தங்கை. இதைவிட நல்ல குடியமர்வை எந்தக் குழுவாலும் ஏற்பாடு செய்ய முடியாது.

செப்டெம்பரில் ஒருநாள் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். தகப்பன் மெதுவாகப் பேசினார். மகள் என்னை "அம்மோ" என்றுதான் கூப்பிடுவாள், தகப்பனுடைய சகோதரனைக் கூப்பிடுகிற மாதிரி. "அம்மோ, நாங்கள் வின்ட்சர் போனால் எங்கள் பேப்பரை எடுத்துவிடுவார்களா என்று அப்பா கேட்கிறார்."

விமானத்தால் இறங்கின அன்றே அவர்கள் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள். எங்களைப்போலக் கோரிக்கை வைத்துக் காத்துக்கிடந்தவர்கள் இல்லை. எந்த ஊரிலும் எந்த மாகாணத்திலும் போய்க் குடியிருக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் உரிமைப் பட்டயம் ஆறாம் பிரிவில் தருகிறது. குழுவோடு சண்டை பிடித்துக்கொண்டு போனாலும் வதிவிட உரிமைக்கு ஒன்றும் ஆகாது. இதுவும் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது.

நான் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "சொல்லேலாது. கவர்ண்மென்ற் என்ன நினைக்குமோ. பாப்பம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பிள்ளை அதை அரபியில் சொன்னாள். தன் குடும்பத்துக்கான மிரட்டலைத் தன் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

ஏன் செய்தேன்? இந்தக் கேள்வியோடு பல இரவு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு காரணம் அற்பமானது. நவம்பரில் குழுவின் பெரிய இராப்போசனம் இருந்தது. மேடையில் நான், முன்வரிசையில் அவர்கள் என்று எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அவர்கள் வின்ட்சரில் இருந்தால் என் கதைக்கு ஆட்கள் இல்லை. இதை ஒப்புக்கொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. புகழுக்கு ஆசைப்படாதவன் யார். மற்றக் காரணத்தைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அந்தப் பதிலுக்குப் பிறகு தகப்பன் மாறிவிட்டார். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்தால் கதிரையை விட்டு எழுந்தார். உறையில் சீட்டுகளைத் திகதிவாரியாக அடுக்கித் தந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. முப்பது வருடம் அதிகாரிகளுக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு, ஒரு மனிதன் தன் முன்னால் அப்படி நிற்பது பிடித்திருந்தது.

அந்த வாரங்களில் தாய் எல்லாப் பத்திரங்களையும் சிப் வைத்த பொலித்தீன் பையொன்றில் போட்டு உடம்போடு வைத்துக்கொண்டே திரிந்தார். உடுப்புத் தோய்க்கக் கீழ்த்தளத்துக்குப் போகும்போதும் கோட்டுக்குள் அந்தப் பை. நான் கண்டேன். ஊர்ப் பழக்கம்போல என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். வின்ட்சர் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மாபிள்காரர் எத்தனை நாள் காத்திருப்பார்?

உடைந்தது பள்ளிக்கூடத்தில். மகள் அடிக்கடி வயிற்று வலி என்று பள்ளிக்கூடக் கந்தோருக்குப் போயிருக்கிறாள். ரொறன்ரோவில் பள்ளிக்கூடங்களுக்குப் புதுக் குடிவரவாளருக்கென்றே குடியமர்வு உத்தியோகத்தர்கள் வருவார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணிடம் பிள்ளை கேட்டிருக்கிறாள், ஊர் மாறினால் நாடு கடத்துவார்களா என்று. அவர் திகைத்துப்போய்த் தேவாலயத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்.

ஒக்ரோபரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடினோம். இந்த முறை மகளை வெளியே விட்டுவிட்டு, காசு கொடுத்து, வயதுவந்த ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்திருந்தார்கள். அதுவும் பயிற்சியில் சொன்னதுதான்: பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது. எங்கள் ஒருங்கிணைப்பாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை, சட்டத்தை வரிவரியாக வாசித்தார். தாய் அழத் தொடங்கினார். தகப்பன் அழவில்லை. முடிவில் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்படியென்றால் இவர் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் அந்த இரண்டாவது பொய்யைச் சொன்னேன். ஆசிரியை உடனே என் தோளில் கைவைத்து, விதிகள் சிக்கலானவை, யாருக்கும் தடுமாற்றம் வரும் என்றார். தகப்பன் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் நம்பவில்லை. அந்த அறையில் நம்பாதது அவர் ஒருவர்தான். அன்று கூட்டம் கலையமுதல் வங்கி அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய பெயரும் இருக்கிறதா என்று பார்ப்பதைப்போல.

நவம்பர் தொடக்கத்தில் வின்ட்சர் போனார்கள். மிச்ச மாதங்களுக்கான பணத்தைக் குழு தொடர்ந்து அனுப்பியது. அனுப்பியது நான்தான், ஒரு மாதமும் பிந்தவில்லை. இராப்போசனத்தில் நான் பேசவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்றேன்.

அதோடு முடிந்துவிட்டது என்று இருந்தேன். 2021 ஓகஸ்டில் காபூல் விழுந்தது; அடுத்த மாதம் கனடா 40,000 ஆப்கானியரை எடுப்பதாக அறிவித்தது. எங்கள் குழுவும் மறுபடி கூடியது. புதுத் தொண்டர்களுக்கு ஒரு கையேடு அச்சடித்தார்கள். அதில் குடும்பத்தின் வதிவிட உரிமை, ஊர் மாறும் உரிமை பற்றி ஒரு முழுப் பக்கம். "அண்ணைக்கு நடந்த மாதிரி இனி ஒருத்தருக்கும் நடக்கக் கூடாது, அதுதான்" என்று விளக்கினார்கள். எனக்கு நடந்ததாம்!

அந்தப் பக்கத்தை நின்றபடியே வாசித்தேன். நல்ல பக்கம், தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அது என்னைத் தடுத்திருக்காது. எனக்கு அது மனப்பாடம். தெரியாதவனுக்குக் கையேடு கொடுக்கலாம். தெரிந்துகொண்டு அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவனிடமிருந்து அட்டையை எடுக்க ஆள் வேண்டும். ஒருவரே கணக்கும் பார்த்து, காரும் ஓட்டி, ஆலோசனையும் சொன்னால் அந்தக் குடும்பம் யாரிடம் போய் அவரைப் பற்றி முறையிடும்? பள்ளிக்கூடத்துக்கு வந்த அந்த உத்தியோகத்தர் எங்கள் குழுவுக்கு வெளியே, வேறிடத்தில் சம்பளம் வாங்குபவர். அதனால்தான் பிள்ளை அவரிடம் வாய் திறந்தாள். இதைக் கையேட்டில் எழுதச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் சொல்லவில்லை. பொருளாளராக மறுபடி இருக்கச் சொன்னபோது கண்பார்வை போதாது என்று கழன்றுகொண்டேன். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

குழுவிலுள்ள தமிழர்கள் இதை வாசித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும். வின்ட்சருக்கு நான் தனியாக எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பிள்ளைதான் மறுபடியும் தகப்பனுக்கு வாசித்துச் சொல்ல வேண்டிவரும். இப்போது வளர்ந்த பெண், என்றாலும் வேண்டாம். ரொறன்ரோவில் அரபு மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் காசு கொடுத்துப் பிடித்திருக்கிறேன். மன்னிப்பை முதலில் போட்டால் கடிதம் மரியாதையாக இருக்கும் என்று அவர் சொன்னார். அது பிறகு வரட்டும், முதல் வரியில் அவர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதிலை எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.